மகன் பெயரில் ஓர் இரத்ததான முகாம்

என் மகன் கம்பஸில் படித்தவன். கலைவிழாவுக்கு இரவு முழுக்க மேடை கட்டிவிட்டு, விடிய மோட்டார் சைக்கிளில் கொட்டாஞ்சேனை வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். வழியில் கண் அயர்ந்துவிட்டது. நின்ற லொறியில் போய் மோதினான். இதற்கு மேல் எனக்கு எழுத வராது.

அதன்பிறகு வருடா வருடம் கம்பஸில் அவன் பெயரில் இரத்ததானம் வைக்கிறார்கள். அதே கலைவிழா நடக்கிற சனி ஞாயிறில்தான். அப்போதுதான் ஆட்கள் சேருவார்களாம். ஒரு பக்கம் கிரிக்கெட், ஒரு பக்கம் சாப்பாட்டுக் கடை, பின்னேரம் பாட்டு. நடுவில் இது. என்னைக் கூப்பிட்டு விளக்குக் கொளுத்த வைத்து, பொன்னாடை போடுவார்கள்.

இம்முறை புறப்படும்போது மனைவி சொன்னாள்.

"இந்த முறையாவது அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிட்டு வாங்க. நித்திரை முழிச்சு பைக் ஓட வேணாம் எண்டு. அது ஒண்டுதான்."

நான் துறைமுகத்தில் மூட்டை தூக்கினவன். நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லை. இதுவரை பொன்னாடையோடு திரும்பி வந்ததுதான் மிச்சம்.

மண்டபத்துக்குள் போனேன். பிள்ளைகளின் கண்கள் சிவந்திருந்தன. கைகளில் பெயின்ட் காயவில்லை. பின்னேர மேடையை இராத்திரி முழுக்க இருந்து கட்டியிருக்கிறார்கள். இரத்தம் கொடுக்க வரிசையில் நின்றதும் அவர்களேதான்.

எனக்குப் போட்ட கதிரைக்குப் பக்கத்தில்தான் இரத்த வங்கி நேர்ஸ் மிஸ்ஸின் மேசை. முதலில் வந்த பிள்ளையிடம், இரவு தூங்கினாயா என்று சிங்களத்தில் கேட்டார். அந்தப் பிள்ளை இல்லை என்றது. ஆறு மணித்தியாலமாவது தூங்காதவர்களிடம் எடுக்கமாட்டார்களாம். திருப்பி அனுப்பிவிட்டார்.

வரிசையில் ஒருவன் பின்னால் திரும்பி மெதுவாகச் சொன்னான்.

"டேய், ஆறு மணித்தியாலம் படுத்தனாங்கள் எண்டு சொல்லுங்கடா. கட்டில் எல்லாம் சும்மா கிடக்கு. அங்கிள் பாத்துக்கொண்டிருக்கிறார்."

"நீ லெக்சர்ல ஆறு மாசமாப் படுக்கிறவன்தானே, உனக்குப் பொய் இல்லை," என்றாள் ஒருத்தி.

சிரித்தார்கள். அதன்பிறகு வந்த எல்லோரும் ஆறு மணித்தியாலம் தூங்கினவர்கள்.

நான் எழும்பினேன். மைக் கேட்டு வாங்கினேன்.

"பிள்ளைகள், நித்திரை இல்லாம இரத்தம் குடுக்காதீங்க. நித்திரை இல்லாம பைக் ஓடாதீங்க. என்ட மகன் அப்பிடித்தான் போனவன்."

அவ்வளவுதான் வந்தது. ஒரு பிள்ளை கண்ணைத் துடைத்தது. பிறகு யாரோ கை தட்டினார்கள். எல்லோரும் சேர்ந்து தட்டினார்கள். அங்கிளுக்கு நன்றி என்று மைக்கில் சொன்னார்கள். வரிசை நகர்ந்தது.

வெளியே வந்தேன். வரிசையில் ஆறு மணித்தியாலம் சொல்லிக்கொடுத்தவன், கையில் பிளாஸ்டர் ஒட்டியபடி பைக்கில் ஏறிக்கொண்டிருந்தான். வெள்ளவத்தைக்குப் போய் நடனக்காரப் பிள்ளைகளின் உடுப்பு எடுக்க வேண்டுமாம். நான் ஹேண்டிலைப் பிடித்தேன்.

"பஸ்ஸில போ மகன்."

"பஸ்ஸில போனா நேரம் காணாது அங்கிள். பயப்படாதீங்க, பிளேன்டீ குடிச்சனான்."

"கொஞ்சம் படுத்திட்டாவது போ."

"நாளைக்கு முழுக்கப் படுப்பன்." என் விரல்களை மெல்ல எடுத்துவிட்டான். "அங்கிள், எல்லாம் அண்ணாவுக்காகத்தானே செய்யிறம்."

மரியாதையாகத்தான் சொன்னான். போய்விட்டான்.

பொரளையில் பஸ் மாறி வீட்டுக்கு வந்தேன். மனைவி கதவைத் திறந்தாள்.

"சொன்னீங்களா?"

"சொன்னன்."

"என்ன சொன்னாங்க?"

"கை தட்டினாங்க."

நான் சட்டையைக் கழற்றினேன். இனிமேல் போகமாட்டேன் என்றேன். நீங்கள் போகாவிட்டால் நிறுத்திவிடுவார்களா என்று கேட்டாள்.

இல்லை, நடத்துவார்கள் என்றேன்.