ரொட்டி மாவில் பழகிய கை

உம்மாவின் தங்கையான என் சாச்சி மசாஜ் படித்த காலத்தில் எங்கள் வீட்டில் மூன்று வேளையும் ரொட்டிதான். மாம்புரிக் கடற்கரையில் புதிதாக வந்த ஹோட்டலுக்குப் பெண்களுக்கு மசாஜ் செய்யப் பெண்கள் தேவைப்பட்டார்கள். பயிற்சியில் பாஸானால் வேலை. இல்லாவிட்டால் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போகவேண்டியதுதான் என்று வீட்டில் பேச்சு. சாச்சி போய்விட்டால் எனக்குத் தலைவாருவது யார் என்பது என் கவலை.

பழகிப்பார்க்க ஓர் உடம்பும் கிடைக்கவில்லை. கவிழ்ந்து படுத்துத் தூங்கக் கூடாது என்று மதரசாவிலேயே சொல்லித் தந்திருந்தார்கள், யார் படுப்பார்கள்? சாச்சி கோதுமை மாவைப் பிடித்துக்கொண்டாள். தடவுவது, பிசைவது, தட்டுவது, எதுவானாலும் கை இதயத்தை நோக்கியே போகவேண்டும் என்பாள். மாவுக்கு இதயம் எந்தப் பக்கம் என்று கேட்டுக் குட்டு வாங்கினேன்.

சீனாவிலும் இந்தியாவிலும் பல்லாயிரம் வருஷத்துக்கு முன்பே தொடங்கிய வைத்தியம் இது என்று சாச்சி பாடம் ஒப்பிப்பாள். பிள்ளை பெற்ற உடம்புக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட நம்மூர் மருத்துவிச்சி எந்த நாட்டில் படித்தாளாம் என்று உம்மா தேங்காய் துருவிக்கொண்டே கேட்பாள்.

சோதனைக்கு ஆளுக்கொரு பெண்ணைக் கூட்டிவரச் சொன்னார்கள். உம்மா மாட்டேன் என்றாள்.

"படுக்கத்தானே சொல்றன் ராத்தா, தூங்கவா சொல்றன்?" என்றாள் சாச்சி.

அந்தப் பேச்சில்தான் உம்மா இறங்கிவந்தாள். கண் அசந்தால் எழுப்பிவிடுவதற்கு என்னையும் கூட்டிப்போனாள்.

சாச்சி முதலில் எங்கே தொடங்குவது என்று தடுமாறினாள். உம்மாவின் முதுகில் எண்ணெய் தடவிப் பிசையத் தொடங்கியதும் மாவில் பழகிய பழக்கம் வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் உம்மாவிடமிருந்து மெல்லிய குறட்டை. போச்சு, சாச்சி குவைத்துக்குத்தான் என்று பதறி எழுப்ப ஓடினேன். சிலாபத்திலிருந்து சோதிக்க வந்திருந்த மிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எழுப்ப வேணாம் மகள். சாச்சி பாஸ்."

போதும் என்று மிஸ் சொன்ன பிறகும் சாச்சி கையை எடுக்கவில்லை. உம்மாவின் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. பாஸான சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன், எனக்கும் சந்தோஷம்தான்.

நான் உம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ போல இருந்தாள். நான் தூங்கிய பிறகு படுத்து, நான் விழிக்குமுன் எழுந்துவிடுகிறவள். அன்றுவரை உம்மா தூங்கி நான் பார்த்ததே இல்லை. உம்மாமார் தூங்குவதில்லை என்றே நம்பியிருந்தேன்.