காக் கியாவின் மார்ஜரின் டப்பா

காக் கியா பயந்து நான் பார்த்ததில்லை. எங்கள் பேராக் மாநிலத்துத் தைப்பிங்கில் இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளி பஸ் ஓட்டுகிறவர். ருக்கியா என்பது அடையாள அட்டையில் மட்டும்தான். பிள்ளைகளுக்கும், பெற்றவர்களுக்கும், பெட்ரோல் போடுகிறவனுக்கும் அவர் காக் கியா, அதாவது கியா அக்கா. புருஷன் இறந்த நாற்பதாம் நாள், அந்த மனுஷன் ஓட்டிக்கொண்டிருந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவர், அதற்குப் பிறகு இறங்கவே இல்லை. ஒருமுறை பின்சீட்டுக்கு அடியில் மலைப்பாம்பு. பிள்ளைகள் அலற, இவர் துடைப்பத்தால் அதை வெளியே தள்ளிவிட்டு, "லேட்டாச்சு, உக்காருங்க எல்லாரும்" என்றாராம். என் கடைக்குட்டி இன்ஷிராவும் அந்தப் பஸ்ஸில்தான் போகிறாள். காக் கியா ஓட்டுகிறார் என்றால் நாங்கள் நிம்மதியாக இருப்போம்.

பள்ளி விடுமுறை விட்டால்தான் அவரால் ஊரை விட்டு நகர முடியும். போன டிசம்பரில் அவர், நான், ஜைத்துன் மூன்று பேரும் பனி பார்க்க இஸ்தான்புல் கிளம்பினோம். ஜைத்துன் நில அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவள். எங்களில் இங்கிலீஷ் பேசத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். பிடா என்கிற நான் பள்ளிக் கேண்டீன் நடத்துகிறேன், அதனால் சாப்பாட்டுப் பெட்டி என் பொறுப்பு. எட்டு நாள் மிளகாய்ச் சம்பல் இல்லாமல் மனுஷன் இருப்பானா? தெர்மோகோல் பெட்டியில் கல்லாக உறைய வைத்த ரெண்டாங் இறைச்சிப் பொட்டலங்கள், சம்பல், இடுக்கில் ஐஸ் பைகள், மேலே இறுக்கிக் கயிறு. இந்த வேலையில் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை. அந்தத் திமிர்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

பெட்டிகளை ஒப்படைக்கும் வரிசையில் நின்றோம். காக் கியாவின் கைப்பை பாதி திறந்திருந்தது. உள்ளே ரப்பர் பேண்ட் சுற்றிய பழைய மார்ஜரின் டப்பா. எங்கள் வீடுகளில் மார்ஜரின் தீர்ந்த டப்பாவைத் தூக்கிப்போடுவது கிடையாது. பயணத்துக்கு ஒருத்தி அதைக் கையோடு கொண்டு வந்தால் உள்ளே சம்பல்தான். திறந்து பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. நான் அதை உருவி எடுத்தேன்.

"என்ன காக், சம்பலைக் கைப்பையில வெச்சிருக்கீங்க? புடுங்கிக் குப்பையில போட்டுருவாங்க. உம்ராவுக்குப் போனப்ப என் கண்ணு முன்னாலயே கொட்டினாங்க!"

"இருக்கட்டும் பிடா. குடு இங்க."

"தனியா திங்கலாம்னு பாத்தீங்களா? ஆசையப் பாரு!"

கயிற்றை அவிழ்த்து, இரண்டு ரெண்டாங் பொட்டலத்துக்கு நடுவே டப்பாவை அழுத்திச் செருகி, மறுபடி கட்டிவிட்டேன். காக் கியா வாயைத் திறந்தார். ஜைத்துனைப் பார்த்தார். மூடிக்கொண்டார். பங்கு கொடுக்க மனசில்லை என்று நினைத்து நான் சிரித்தேன்.

காலை எட்டரைக்குக் கிளம்ப வேண்டிய விமானம் மதியம் மூன்றுக்குத்தான் கிளம்பியது. ஏதோ கோளாறு, பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றார்கள். காத்திருந்த நேரத்தில் காக் கியா இரண்டு தடவை, "அந்தப் பெட்டியத் திருப்பிக் கேக்க முடியாதா?" என்று கேட்டார். "அவ்வளவு பசியா?" என்றாள் ஜைத்துன்.

ஐந்து மணி நேரம் பறந்திருப்போம். கருகிய ஒயர் வாடை வந்தது. பிறகு திடீரென்று ஒரு இறக்கம். பணிப்பெண்கள் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. அதைப் பார்த்ததும் எனக்குக் கலிமா சொல்லச் சொல்ல வார்த்தை மறந்தது. ஒரு பக்கம் ஜைத்துன் அழுகிறாள். மறுபக்கம் காக் கியா தண்ணீர் குடிக்கிறார். நாலாவது பாட்டில்.

"இப்பக்கூட உங்களுக்குத் தாகமா?" என்று கத்தினேன்.

எப்படியோ இறங்கிவிட்டோம். பேர் கூட வாயில் நுழையாத ஒரு நாட்டில், எங்கள் கேண்டீனை விட நாலு மடங்கு பெரிய ஒரு கூடம். விசா இல்லாததால் வெளியே விட மாட்டார்கள். பெட்டிகள் விமானத்திலேயே இருக்கும். வேறு விமானம் வரும்வரை இருங்கள் என்று சொல்லிவிட்டு ஆளாளுக்கு ஒரு போர்வை கொடுத்தார்கள். இருநூறு பேர் தரையில் படுத்தோம்.

விடிந்தபோது கண்ணாடிக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. "காக், பனி! எழுந்து பாருங்க!" என்று உலுக்கினேன். எழவில்லை. மூச்சு வேகமாக வாங்கியது. வாயில் அழுகிய பழத்தின் வாடை. உதடு வெடித்திருந்தது. கண்ணைத் திறந்து என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தார்.

"பிடா, அந்த டப்பா வேணும்."

"சம்பலா? இப்பவா?"

"சம்பல் இல்லடி. இன்சுலின். நேத்துக் காலையில போட வேண்டியது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு எல்லாம் புரிந்தது. நான் எடுத்தேன். இந்தக் கையால் எடுத்தேன். யா அல்லா, அவர் கேட்கக் கேட்க எடுத்தேன்.

"எத்தனை நாளா இந்த ஊசி?" என்றாள் ஜைத்துன்.

"ஆறு வருஷமா."

"எங்ககிட்டக்கூடச் சொல்லலையா காக்?"

"உன் தம்பி லைசென்ஸ் ஆபீஸ்லதானே இருக்கான்! ஊசி போடுறவளுக்கு பஸ் லைசென்ஸ் குடுப்பானா?"

ஜைத்துன் முகம் செத்துப்போனது. ஆனாலும் அவள்தான் முதலில் ஓடினாள். சீருடை போட்ட ஒரு பெண்ணைப் பிடித்துத் தன் இங்கிலீஷ் முழுவதையும் கொட்டினாள். மருத்துவர் நகரத்திலிருந்து வர வேண்டுமாம். பனியில் ரோடு மூடிக் கிடக்கிறதாம். இரண்டு மணி நேரமாவது ஆகுமாம். பெட்டியை எடுக்க அனுமதியில்லையாம். நான் போய் அந்தச் சீருடைக்காரர்கள் போக வர இருந்த கதவுக்குக் குறுக்கே உட்கார்ந்துகொண்டேன். என்னைத் தாண்டித்தான் போகவேண்டும். முக்கால் மணி நேரம். கடைசியில் இரண்டு ஆட்கள் என் தெர்மோகோல் பெட்டியைத் தூக்கிவந்து காலடியில் வைத்தார்கள்.

கயிற்றைப் பல்லால் அறுத்தேன். ரெண்டாங் இன்னும் கல்லாக இருந்தது. டப்பாவைத் திறந்தால், பேனா மாதிரி மூன்று ஊசிகள், அவையும் கல். நான் கட்டிய பெட்டி எதையும் உருகவிடாது.

"உள்ளங்கையில வெச்சு உருக்கிப் போடு," என்றார் காக் கியா. பேச்சு குழறியது.

ஜைத்துன் உள்ளே இருந்த சீட்டைப் படித்தாள். "ஒரு தடவை உறைஞ்சா போச்சு. போட்டாலும் கேக்காதாம்."

அப்போது வந்தது பாருங்கள் பயம், விமானம் கீழே சரிந்தபோதுகூட எனக்கு அப்படி வரவில்லை. நாற்காலியைப் பிடித்து எழுந்தேன். காக் கியா என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டார். நான் என்ன செய்யப் போகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"கத்தாத பிடா. பாதிப் பேரு நம்ம பேராக் மாநிலத்துக்காரங்க. யாராவது வீடியோ எடுப்பாங்க. பஸ் போயிடும். பஸ் இல்லன்னா நான் யாரு?"

"செத்துட்டா நீ யாரு?" என்றேன். இருபது வருஷப் பழக்கத்தில் அவரை நான் நீ என்று சொன்னது அன்றுதான்.

விரலைப் பிரித்துவிட்டு நாற்காலி மேல் ஏறினேன். முன்னூறு பிள்ளைகளை வரிசையில் நிற்க வைக்கிற தொண்டை இது. "கேளுங்க எல்லாரும்! இவங்க காக் கியா, தைப்பிங்ல ஸ்கூல் பஸ் ஓட்டுறவங்க! சர்க்கரை! ஊசி இல்ல! யார்கிட்டயாவது இன்சுலின் இருக்கா? எந்திரிங்க! உசுரு போகுது!"

முதலில் எழுந்தவை கைபேசிகள்தான். ஒன்று, நாலு, பத்து. எனக்கு அவர்களைச் செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு சீனக் கிழவர் வந்தார். ஈப்போவில் சைக்கிள் கடை வைத்திருக்கிறாராம், லியோங் என்று பெயர். இடுப்பில் ஒரு சின்னப் பை.

"ஆன்ட்டி, மொதல்ல எறங்குங்க. நீங்க வேற விழுந்து வெச்சிராதீங்க," என்றார்.

தன் கருவியில் காக் கியாவின் விரலைக் குத்திப் பார்த்தார். எண் வரவில்லை, கருவியால் அளக்க முடிகிற எல்லையைத் தாண்டிவிட்டது என்று காட்டியது. கிழவர் முகம் மாறியது. பிரிக்காத புது இன்சுலின் பேனாவைப் பிரித்து, போன் வழியாக மகளிடம் அளவு கேட்டு, அவரே போட்டார். அந்த மகள் நர்ஸாம். மருத்துவர் வந்து சேரும்வரை அங்கிள் லியோங் எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து அரை மணிக்கு ஒருதரம் விரலைக் குத்தினார். நான் அந்த மனுஷன் கையை விடவே இல்லை.

மதியம் ஒரு சின்ன அறையில், கையில் டிரிப் ஏறிக்கொண்டிருக்க, காக் கியா தெளிவாகக் கண் விழித்தார். பிழைத்துக்கொள்வார் என்று மருத்துவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் அழுது முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். அவர் கேட்டது தண்ணீர் இல்லை.

"போன எடு."

பஸ் பெற்றோர் குழுவில் வீடியோ வந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. நாற்காலி மேல் நான், வாயைப் பிளந்துகொண்டு. கீழே நூற்று நாற்பது செய்திகள். காக் எப்படி இருக்காங்க, துஆ செய்யுங்க, யாராவது போன் போடுங்க என்றுதான் முக்கால்வாசி.

"பாத்தீங்களா? ஒருத்தரும் திட்டல," என்றேன். "நீங்கதான் சும்மா பயந்துட்டீங்க. லைசென்ஸ் விஷயம் ஜைத்துன் தம்பிகிட்டப் பேசிக்கலாம்."

காக் கியா கூரையைப் பார்த்தபடி இருந்தார்.

"ஜூன் மாசம் ஒரு காலையில," என்றார், "சாப்பிடாம ஊசி போட்டுக்கிட்டு ஏறிட்டேன். ஏரிப் பக்கத்து வளைவுல சர்க்கரை எறங்கிக் கண்ணு இருட்டிடுச்சு. எத்தனை நொடின்னு தெரியல. முழிச்சப்ப பஸ் புல்லுல நிக்குது. தண்ணிக்கு ரெண்டு முழம். பிள்ளைங்க ஜாலியா கத்துதுங்க, வேணும்னே ஓட்டினேன்னு நெனச்சுக்கிட்டு. அன்னையிலேருந்து ஒவ்வொரு காலையும் சாவியப் போடும்போது கை நடுங்கும் பிடா. ஆனாலும் போனேன்."

"யார் யாரு இருந்தாங்க?"

"முப்பத்தொரு பேரு."

"இன்ஷிரா?"

"என் பின்னால. மொதல் சீட்டு."

என் கை ஓங்கியதா இல்லையா என்று எனக்கே நினைவில்லை. அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஜைத்துன் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு விரல் நடுங்குது," என்றார் காக் கியா. "நீ எழுது. ஆறு வருஷமா ஊசி போடுறேன்னு எழுது. ஜூன் மாசத்தையும் எழுது. அடுத்த வருஷத்துக்கு வேற பஸ் பாத்துக்கச் சொல்லு."

எழுதினேன். ஜூன் மாசம் என்ற இடத்தில் நிறுத்தி அவரைப் பார்த்தேன். அதை விட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

"எழுதுடி," என்றார்.

எழுதி அனுப்பினேன். ஒவ்வொருவராகப் படிப்பது தெரிந்தது. அதுவரை நிற்காமல் வந்துகொண்டிருந்த செய்திகள் நின்றுபோயின. காக் கியா டிரிப் ஏறாத கையால் என் கையைத் தேடினார். கொடுப்பதற்கு எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.