கசடுச் சுவர்

குற்றாலச் சீசனுக்கு வருகிறவர்கள் அருவியில் குளித்து முடித்து, ஈரத் தலையோடு, "இரும்பு உருக்கின ஊரைப் பார்க்கப் போகிறோம்" என்று கிளம்புவதைக் கண்டால் எனக்கு இன்றும் உடம்பு பற்றி எரியும். நான் வாழ்க்கைப்பட்டுப் போன ஊர் அது. அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று என்னிடம் கேளுங்கள், சொல்கிறேன்.

தென்காசியிலிருந்து மலையடிவாரம் பக்கம் போனால் ஒரே வரிசையில் ஏழெட்டு வீடுகள். எந்தக் காலத்திலோ அங்கே மண்ணிலிருந்து இரும்பு உருக்கியிருக்கிறார்கள். மிஞ்சின கருப்புக் கசடு மேடு மேடாகக் கிடக்கும். கல்லுக்கும் செங்கலுக்கும் வக்கில்லாத அந்தக் காலத்து ஆட்கள், கசடையே சேற்றில் பதித்துச் சுவர் எழுப்பிக்கொண்டார்கள். நான் கல்யாணமாகிப் போன ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் உருக்குகிற வேலையெல்லாம் கிடையாது. கடை இரும்பை வாங்கி மண்வெட்டி, கடப்பாரை அடித்துக் கொடுக்கிற பட்டறைதான். முன்னால் உலை, அதை ஒட்டி ஒரே ஓர் அறை. அறைக்கு ஜன்னல் கிடையாது.

அந்த அறையில்தான் என் நாத்தனார் கிடந்தாள். என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. கல்யாண வயசு, நல்ல வாயாடி. ஆனால் மூச்சிளைப்பு. உலையில் கரி பிடித்துக்கொண்டால் போதும், பேச்சு நின்றுவிடும், நெஞ்சு மட்டும் ஏறி இறங்கும். சாரல் காலத்தில் வெளியே படுக்க வைக்கவும் முடியாது. தென்காசி டாக்டர், "புகை நிக்கிற வீட்டுல வச்சிக்கிட்டு என்கிட்ட மருந்து கேட்டா நான் என்னம்மா செய்ய? பின்பக்கம் ஒரு ஜன்னல் வைங்க" என்றார். ஒரு ஜன்னல். மாளிகையா கட்டச் சொன்னார்?

அதற்குள் எங்கள் வாசலில் ஒரு போர்டு நட்டுவிட்டார்கள். ஏதோ ஓர் ஆபீசிலிருந்து ஜீப்பில் வந்தார்கள். கசடு வைத்துக் கட்டின வீடு இந்தப் பக்கம் வேறெங்கும் இல்லையாம், அதனால் எல்லாம் இருந்தது இருந்தபடியே இருக்க வேண்டுமாம். கூரை ஓடுகளை மாற்றக் கூடாது, உலையை நகர்த்தக் கூடாது, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. இடம் புறம்போக்கு. மீறினால் வெளியே போக வேண்டியதுதான். எங்கள் ஆட்களுக்கோ பெருமை பிடிபடவில்லை. என் வீட்டுக்காரர் வந்தவர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

ஜன்னலுக்கு உத்தரவு கேட்டு நாங்கள் இரண்டு பேரும் அந்த ஆபீசுக்குப் போனோம். "சுவர்தாம்மா அங்க விசேஷமே. உங்களுக்கு அதோட அருமை தெரியல" என்றார் அதிகாரி.

"உள்ள ஒரு பிள்ளைக்கு மூச்சு விட முடியல சார்."

"அதுக்கு ஆஸ்பத்திரி இருக்குல்லா?"

இரும்பிலிருந்து வேண்டாம் என்று கழித்துப் போட்ட கசடு அது. அதற்கு இருக்கிற மரியாதை ஒரு பெண்பிள்ளைக்கு இல்லையே என்று அங்கேயே கத்தினேன். என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

ஒருநாள் காலையில் அவளுக்கு உதடெல்லாம் நீலம் பாரித்துவிட்டது. கைக்கு அகப்பட்டது ஒரு புதுக் கடப்பாரை. வீரகேரளம்புதூரில் வெள்ளாமை செய்கிற சம்சாரி ஒருவர் கிணறு வெட்டுவதற்காகச் செய்யச் சொன்னது. எங்கள் வரிசையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கிணற்றுக் கடப்பாரையின் முதல் குத்து, செய்யச் சொன்னவர் மண்ணில்தான் விழ வேண்டும். கூர் பார்க்கக்கூடப் பட்டறையில் ஒரு குத்துக் குத்த மாட்டார்கள். குத்தினால் கிணற்றில் தண்ணீர் ஊறாதாம்.

"ஏட்டி, அதைத் தொடாத! அண்ணாச்சி கிணத்துக்கு அடிச்சது" என்று பதறினார் என் வீட்டுக்காரர்.

"கிணத்துல தண்ணி பொறவு ஊறட்டும். இவளுக்கு மூச்சு இப்ப வேணும். நீங்க குத்துதியளா, நான் குத்தட்டா?"

அவர் அசையவில்லை. நானே குத்தினேன். கசடு என்ன லேசில் உடைகிற சாமானா? கை இரண்டும் கொப்புளித்துவிட்டது. ஒரு முறம் அகலத்துக்கு வழி விழுந்ததும் மலைக்காற்று குபுகுபுவென்று உள்ளே வந்தது. "காத்து வருது மதினி" என்றாள். அதுவரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினவள், அன்று மல்லாந்து படுத்துத் தூங்கினாள்.

சம்சாரி வந்தார். முனையைத் தடவினார். மழுங்கியிருந்தது, செம்மண் ஒட்டியிருந்தது. "எவம்லே என் கம்பியில மொத குத்துக் குத்துனது?" என்று ஒரே கூப்பாடு. வேறு அடித்துத் தருகிறோம் என்று கெஞ்சியும் கேட்கவில்லை. போகிற வழியில் தென்காசி டீக்கடையில் எல்லாம், சுவரை இடித்துத் தன் கடப்பாரையைக் கெடுத்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். ஆபீசுக்கு எட்ட எவ்வளவு நேரமாகும்? மறுபடி ஜீப் வந்தது. பழையபடி அடைத்துவிடு, இல்லையென்றால் வீட்டைக் காலி செய் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

அடைத்தது வேறு யாருமில்லை, அவள் அண்ணன்தான். பட்டறையை விட்டால் சோறு ஏது என்று சொல்லிக்கொண்டே சேறு குழைத்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "மேல ஒரு சாண் மட்டும் விடேன்ணே" என்று கேட்டாள். விட்டார். ஆபீஸ் ஆள் வந்து பார்த்து, நின்று, அதையும் அடைக்கவைத்துவிட்டுத்தான் போனான். என் வீட்டுக்காரர் மேலும் எனக்குக் கோபம்தான். இன்றுவரை தீரவில்லை.

ஐப்பசி மழையில் அவள் போய்விட்டாள். அதற்குமேல் அந்த வீட்டில் என்னால் உலை ஊத முடியாது என்று சொல்லி, அவரையும் கிளப்பிக்கொண்டு செங்கோட்டைக்குப் போய்விட்டேன். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். வரிசையே ஆபீஸ் கைக்குப் போயிற்று.

சில வருஷம் கழித்து, திருவேங்கடத்திலிருந்து என் தம்பியும் அவன் பெண்டாட்டியும் சீசனுக்கு வந்தார்கள். ஐந்தருவியில் குளித்துவிட்டு, அந்த ஊரைப் பார்த்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். வேண்டா வெறுப்பாகப் போனேன். என் வீட்டுக்குள் நானே வேடிக்கை பார்க்கிறவளாக நுழைந்தேன். அறை வெளிச்சமாக இருந்தது. பின்சுவரில், நான் குத்தின அதே இடத்தில், மரச்சட்டம் போட்டு ஒரு ஜன்னல்.

"இது எப்ப வச்சது?" என்று காவல்காரரிடம் கேட்டேன்.

"போன வருசம் வச்சாவம்மா. பாக்க வாரவுகளுக்கு உள்ள மூச்சு முட்டுதுன்னு ஆபீசர்ட்ட சொல்லியிருக்காவ. உடனே ஆளை விட்டு இடிச்சு வச்சுட்டாரு."

தம்பி பெண்டாட்டி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நல்லா காத்து வருது மதினி. இங்கன வந்து நில்லுங்களேன்."

நான் நிற்கவில்லை. வெளியே வந்து அந்தப் போர்டின் மேல் காறித் துப்பினேன்.