'றாக்' என்றால் தட்டு இல்லை

கொட்டாஞ்சேனையில் பிறிஜெற் டீச்சர் என்றால் தெரியாதவர்கள் குறைவு. உண்மையில் அவர் டீச்சரே அல்ல. கப்பல் முகவர் அலுவலகமொன்றில் இருபத்திரண்டு வருடம் தொலைபேசி இயக்குநராக இருந்தவர். அந்த வேலை போனதும், கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை காலைகளில் பெண்களுக்கு இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். அது பதினொரு வருடத்துக்கு முந்திய கதை.

அவருக்குப் பிடித்த பாடம் ஒன்று இருந்தது. 'றாக் யுவர் பிரெயின்ஸ்' என்றால் ஆழமாக யோசிப்பது. றாக் என்றால் சாமான் அடுக்கும் தட்டு. மூளைக்குள் இருக்கும் தட்டுகளில் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்ப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று விளக்குவார். யாரும் அவருக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அப்படித்தான் இருக்கும் என்று தானாக நினைத்துக்கொண்டதுதான்.

மாளிகாவத்தையிலிருந்து வகுப்புக்கு வரும் றமீலா, கொள்ளுப்பிட்டியில் ஒரு நேர்முகத் தேர்வுக்குப் போய்விட்டு அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடியும்வரை காத்திருந்தாள். வாடிக்கையாளரின் பிரச்சினை தீராவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டார்களாம். இவள் அந்தத் தொடரைச் சொல்லி, தட்டு விளக்கத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறாள்.

"கேள்வி கேட்டவர் சிரிச்சிட்டார் டீச்சர். அது தட்டு இல்ல, ஆள வதைக்கிற கட்டில் எண்டு சொன்னார்," என்றாள்.

குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுதான் பிறிஜெற்றுக்குக் கூடுதலாகச் சுட்டது. எத்தனை பேர் இந்தப் பிழையைச் சுமந்துகொண்டு எங்கெங்கே போயிருப்பார்கள்? வகுப்பையே நிறுத்திவிடலாமா என்றுகூட யோசித்தார்.

திங்கட்கிழமை நூலகத்துக்குப் போய், இரண்டு கையாலும் தூக்க வேண்டிய ஓர் அகராதியைப் புரட்டினார். அந்த மனிதர் சொன்னது சரிதான். ஆளை மரச்சட்டத்தில் கட்டி, உருளைகளைச் சுற்றிக் கைகால்களை இழுப்பார்களாம். அந்தச் சட்டத்துக்குப் பெயர் றாக். மூளையையும் அப்படி இழுத்து வதைத்து ஒரு விடையைக் கக்க வைப்பதைப் பற்றி நானூறு வருடத்துக்கு முன்னரே எழுதியிருக்கிறார்கள். அதற்குக் கீழே இன்னொரு குறிப்பு. சாமான் வைக்கும் றாக்கும் வதைக்கும் றாக்கும், இழுத்து நீட்டுவதைக் குறிக்கும் ஒரே பழைய ஒல்லாந்துச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம். பிறிஜெற் அந்த வரியை மூன்று தரம் வாசித்தார். மனம் கொஞ்சம் இளகியது. ஆனாலும் அதைக் காட்டித் தப்பிக்க அவர் விரும்பவில்லை.

அடுத்த சனிக்கிழமை பதினாறு பெண்களுக்கு முன்னால் நின்றார்.

"நான் இவ்வளவு காலமும் உங்களுக்குப் பிழையாச் சொல்லித் தந்திட்டன். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரிச் சொன்னனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

பிறகு அவர் அகராதியில் வாசித்ததை எல்லாம் சொல்லி முடித்தார். முன்வரிசையில் இருந்த பழனியம்மா, அட்டனிலிருந்து வந்து இங்கே தையல் தொழிற்சாலையில் வேலை செய்பவள், எழுந்து நின்றாள்.

"நாமளும் மூளைய கசக்குறதுன்னு தானே டீச்சர் சொல்றோம். அதுவும் வதைக்கிறது தானே?"

இன்னொருத்தி மண்டையைப் போட்டு உடைப்பது என்றாள். மண்டையைக் குடைவது என்றது ஒரு குரல். யோசிப்பது எல்லா ஊரிலும் வலிக்கிற வேலைதான் போலிருக்கிறது என்று யாரோ சொல்ல, மண்டபமே சிரித்தது. பிறிஜெற் எல்லாவற்றையும் பலகையில் எழுதினார். ஒரு பாடத்தில் இத்தனை பேர் வாய் திறந்ததை அவர் பார்த்ததில்லை.

றமீலாவுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. மூன்று கிழமை கழித்து வெள்ளவத்தையில் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் வேலை கிடைத்தது. பிறிஜெற் ஐம்பத்து மூன்று வயதில் ஆசிரியர் சான்றிதழ் வகுப்பொன்றில் பெயர் பதிந்தார். முதல் நாள் பின்வரிசையில் இருந்தவர், விளங்காத இடம் வந்ததும் தயங்காமல் கையை உயர்த்தினார்.