குட்டி மேனேஜரின் தீர்ப்பு

ஆஸ்பத்திரித் துணிகளைச் சலவை செய்யும் அந்தக் கம்பெனியில் அவளுக்குக் 'குட்டி மேனேஜர்' என்று பெயர். துணி மடிக்க வந்தவள் மேற்பார்வையாளராகி, நாளைய தலைவர்களுக்கான பயிற்சிக்கும் தேர்வாகியிருந்தாள். தேறினால் கிளைப் பொறுப்பு. தேறிவிட்ட மாதிரியே அவள் கணவன் சொந்தபந்தங்களிடம் தம்பட்டம் அடித்துவிட்டான்.

பயிற்சி என்றால் வேறொன்றுமில்லை. ஆட்களுக்குள் வரும் சண்டை சச்சரவை அவளே தீர்த்து, எப்படித் தீர்த்தாள் என்று தலைமையகத்துக்கு எழுத வேண்டும். அவள் எல்லாவற்றையும் போனில் இருந்த ஏஐயிடம் கொட்டினாள். அது சொன்னதை வரி பிசகாமல் ஆட்களிடம் ஒப்பித்தாள். அதையே எழுதியும் அனுப்பினாள். 'பக்குவமான முடிவுகள்' என்று பாராட்டு வந்தது. முதலில் கொஞ்சம் உறுத்தியது. போகப்போக அதுவும் பழகிவிட்டது.

அங்கே அழுக்குத் துணிக்கும் துவைத்த துணிக்கும் நடுவே ஒரு சுவர். அழுக்குப் பக்கத்து ஆள் துவைத்த பக்கம் வந்தால், கிருமி ஒட்டியிருக்கும் என்று அங்கே கிடக்கும் துணி முழுவதையும் மறுபடி துவைக்க வேண்டும். அன்று துவைத்த பக்கத்தில், துணி தேய்க்கும் உருளையில் ஒரு பெண்ணின் சட்டைக் கை சிக்கிக்கொண்டது. அலறல் கேட்டு, அழுக்கு மூட்டை பிரிக்கும் அண்ணன் கையுறையோடு பாய்ந்து வந்து உருளையை நிறுத்தினார். கை பிழைத்தது.

துவைத்த துணியை ஏற்றிப்போக வந்த வண்டிக்காரருக்கோ அவசரம். "அங்க ஆஸ்பத்திரில படுக்கையில விரிக்கத் துணி இல்லாம உக்காந்திருக்காங்க. ஏத்துங்க."

"இந்த அழுக்குக் கையோட சுவரத் தாண்டி வந்திருக்கேன். எப்படி ஏத்துறது?" என்றார் அண்ணன்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். துணி மடித்த காலத்தில் என்றால் யோசிக்காமலே சொல்லியிருப்பாள். இப்போதோ, கை தானாகப் போன் இருந்த பைக்குப் போனது.

அண்ணன் அதைப் பார்த்துவிட்டார். குத்தலாகச் சொல்லவில்லை; வயிறு கலங்கி ஓடுபவருக்கு வழிவிடுவது போலத்தான் சொன்னார்.

"போய்க் கேட்டுட்டு வாங்க மேடம். நாங்க நிக்கிறோம்."

ஆக, எல்லாருக்கும் தெரியும். எத்தனை நாளாகத் தெரியுமோ. கூனிக் குறுகிப் போனாள். ஒருவராவது சிரித்திருந்தால் கோபப்பட்டாவது தப்பித்திருப்பாள். வண்டிக்காரர்கூட எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்து நின்றார்.

'வேண்டாம், நானே சொல்றேன்' என்று சொல்லத்தான் நினைத்தாள். சொல்லவில்லை. துணி அடுக்கும் அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, போனை எடுத்தாள்.