நான்கு எலுமிச்சம்பழங்கள்

பெற்றோல் மணமும் வெயிலில் காய்ந்த ரெக்சின் சீட்டின் மணமும் சேர்ந்து வந்தால் இன்றும் என் உள்ளங்கை தானாக விரியும். தள்ளிப் பழகிய கை அது. கொழும்பில், எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கையில், நம்பர் தகட்டில் "ஸ்ரீ" போட்ட அப்பாவின் பழைய கார் தானாக ஸ்டார்ட் ஆன நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். காலை ஏழு மணிக்குச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அம்மா, வெள்ளைச் சீருடையில் அக்காவும் நானும், எதிர்க்கடைச் சிங்கள அண்ணர் சுனில் அய்யே என்று எல்லோரும் பின்னால் நின்று தள்ள, அப்பா மட்டும் ராசா மாதிரி ஸ்டீரிங்கைப் பிடித்திருப்பார். கார் இருமிக்கொண்டு கிளம்பியதும், மறுபடி நிற்பதற்குள் ஓடிப்போய் ஏறவேண்டும். எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் இருக்கவில்லை.

அம்மாவுக்கு அப்படியல்ல. லைசன்ஸ் எடுத்து நாலு வருடமாகியும் ஒரு நாள்கூட அவருக்கு ஓட்டக் கிடைக்கவில்லை. கேட்டால் அப்பாவிடம் ஒரே பதில்தான்: "நீர் ஓட்டினா ஆர் தள்ளுறது? நானோ?"

பிறகு ஜப்பான் கார் வந்தது. சாவியைத் திருப்பினால் சத்தமே கேட்காது; கண்ணாடியும் பொத்தானை அமத்தினால் இறங்கும். கோயில் வாசலில் பூசை முடித்து, நாலு சில்லுக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, "சரி, எடுங்கோ" என்றார் ஐயர். பழக்கதோஷம், அம்மாவும் நாங்களும் நேரே பின்னால் போய்க் கை வைத்து நின்றோம். ஐயரே சிரித்துவிட்டார்.

அப்பா சாவியைக் காரிலேயே விட்டுவிட்டுப் பதறி ஓடிவந்தார். "பெயின்ற்றில கை வைக்காதேங்கோ" என்று முகம் துடைக்கும் லேஞ்சியை எடுத்து எங்கள் கை அடையாளங்களைத் துடைக்கத் தொடங்கினார். அதற்குள் முன்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அம்மா ஸ்டீரிங்கில் இருந்தார்.

"இஞ்சருங்கோ, இனித் தள்ள ஆள் தேவையில்லைத்தானே."

பழங்கள் நாலும் நசுங்கின. கார் போயே விட்டது. லேஞ்சியும் கையுமாக அப்பா பின்னால் ஓடினார். நாங்கள் கைதட்டிக்கொண்டே ஓடினோம்.

இப்போது அந்த ஒழுங்கை முழுக்க மாடி வீடுகள். சுனில் அய்யேயின் கடை இல்லை. காலையில் யாருக்காகவும் யாரும் வெளியே வருவதுமில்லை. அது எனக்குக் கவலைதான். ஆனால் தலை நரைத்த அம்மா இன்றும் நகரின் மறுகோடியிலுள்ள கொட்டாஞ்சேனைவரை தானே ஓட்டிப் போகிறார். அவர் சாவியைத் திருப்புமுன் பக்கத்துச் சீட்டிலிருந்து அப்பா தவறாமல் சொல்லுவார்:

"சரி, எடும். நான் ஏறிட்டன்."