தோப்புக்குப் பின்னால் ஒரு வீடு

இணையக் கம்பெனியில் அவளை எல்லோரும் டவர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் உயரம், ஏறுவதும் கோபுரம், பெயர் தானாக ஒட்டிக்கொண்டது. கம்பி போய்ச் சேராத கிராமங்களுக்கு ரேடியோ அலையில் இணையம் கொடுப்பது அவள் வேலை. அதில் அவளுக்குக் கொஞ்சம் மண்டைக்கனம் உண்டு. இருக்கட்டுமே, யாருக்குத்தான் இல்லை?

அந்த மண்டைக்கனம் சொந்த அண்ணன் வீட்டில்தான் காலை வாரிவிட்டது. வீட்டிலிருந்தபடியே வாடிக்கையாளர்களிடம் போனில் பேசும் வேலை அண்ணிக்குக் கிடைத்திருந்தது. பேச்சு அடிக்கடி அறுந்தால் வேலை போய்விடும்.

"லைன் என் பொறுப்பு. கண்ணை மூடிட்டு சேருங்க அண்ணி" என்றாள் டவர்.

அந்தச் சொல்லை நம்பி அண்ணி பார்த்துக்கொண்டிருந்த கடை வேலையை விட்டாள். சுற்றுவட்டாரத்திலேயே வேகமான லைன் நம் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று டவர் உயர் அலைவரிசைக் கருவியை மாட்டினாள். வீட்டுக்கும் கோபுரத்துக்கும் நடுவே ஒரு தோப்பு. அது கோடை. இலையெல்லாம் உதிர்ந்து, கிளைகளின் இடைவெளியில் கோபுரம் பளிச்சென்று தெரிந்தது. அதோடு திருப்திப்பட்டுவிட்டாள், புத்திசாலி!

மழைக்காலம் வந்தது. தோப்பு தளதளவென்று துளிர்த்தது, லைன் படுத்துவிட்டது. உயர் அலைவரிசை நிறையச் சுமக்கும், ஆனால் நனைந்த இலை அடர்ந்த இடத்தில் திணறிப்போகும். பேச்சு பாதியில் அறுந்து அறுந்து, இந்த வாரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் வேறு ஆள் பார்ப்போம் என்று மேலதிகாரி அண்ணியிடம் சொல்லிவிட்டார்.

அண்ணன் அரிவாளைத் தேடினான். "நாலு மரத்தை வெட்டிட்டா சரியாயிடும்ல?"

"மரம் என்னண்ணே பண்ணுச்சு? நான்தான் கோடையில வந்து பாத்துட்டு வருஷம் பூராவுக்கும் வாக்கு கொடுத்துட்டேன்."

அண்ணி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது டவருக்கு.

பக்கத்தில் இருந்த ஒரு குன்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்களுக்காக அதே கோபுரத்தில் தாழ்ந்த அலைவரிசையும் ஓடிக்கொண்டிருந்தது. வேகம் குறைவு, ஆனால் இலைகளுக்குள் நுழைந்து வந்துவிடும். அண்ணிக்கு வேண்டியது வேகமா? அறுந்துபோகாத பேச்சுதானே! டவர் ஆசையாக மாட்டியதைத் தன் கையாலேயே கழற்றினாள். தாழ்ந்த அலைவரிசைக்காக மாட்டிய புதிய ஆண்டெனா, கட்டில் சட்டத்தைக் கூரைமேல் நிறுத்தியதுபோல அசிங்கமாக இருந்தது. அதைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது.

"அண்ணி, லைன் வருதா?"

ஆண்டெனாவை இன்னும் கொஞ்சம் திருப்பினாள்.

"அண்ணி! வருதா இல்லையா?"

மழைச் சத்தம்தான் கேட்டது. ஏணியில் அவசரமாக இறங்கி ஓடினாள். அண்ணன் வாசலிலேயே உதட்டில் விரலை வைத்து மறித்தான்.

"கத்தாதே. பேசிட்டு இருக்கா."

உள்ளே அண்ணி ஹெட்போனை மாட்டிக்கொண்டு யாரோ ஒரு அம்மாவின் கோபத்தைப் பொறுமையாக ஆற்றிக்கொண்டிருந்தாள். வெளியே மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. பேச்சு ஒரு இடத்திலும் அறுபடவில்லை. சொட்டச் சொட்ட நின்ற டவருக்குப் பெருமை தாங்கவில்லை.

பேசி முடித்ததும் அண்ணி எழுந்து வந்து, துண்டை அவள் தலையில் போட்டு அழுத்தித் துவட்டினாள்.

"அங்க யாரும்மா அப்படிக் கத்துறதுன்னு அந்தம்மா கேட்டாங்க."

"ஐயையோ! என்ன சொன்னீங்க?"

"எங்க நாத்தனார், எனக்காக மழையில கூரைமேல நிக்கிறான்னு சொன்னேன். அதுக்கப்புறம் அந்தம்மா கோபமே படல."